அசுக்கிளேப்பியாசு தியூபரோசா

அசுக்கிளேப்பியாசு தியூபரோசா என்பது வட அமெரிக்காவின் கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுக் காட்டுப் பூச்செடி ஆகும். இதுவும் தமிழகத்தில் காணப்படும் எருக்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1753 இல் லின்னேயசு இதற்கு அறிவியற் பெயரிட்டார். வறட்சியையும் கடுங்குளிரையும் தாங்குவதால் இது பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வளர்க்கப்படுகின்றது. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாவதால் இயற்கைப் பாதுகாப்பிலும் பயன்படுகின்றது.

தோற்றம்

இச்செடி 30 முதல் 90 செ.மீ. வரை வளரும். எருக்கைப் போலன்றி, இதன் தண்டை ஒடித்தால் பால் வடிவதில்லை. கோடையில் செம்மஞ்சள் நிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். முற்றிய காய் வெடிக்கும்போது, பட்டுப் போன்ற இழைகளையுடைய விதைகள் காற்றில் பரவுகின்றன. குளிர்காலத்தில் தண்டும் இலையும் மடிந்துவிடும். நிலத்தினுள் உள்ள தடித்த வேர் உயிருடன் இருந்து மீண்டும் துளிர்க்கும்.

வளர்ப்பு முறை

முழு வெயிலும், நீர் தேங்காத மணற்பாங்கான நிலமும் இதற்கு ஏற்றவை. ஈரம் தங்கினால் வேர் அழுகும். விதைகள் முளைப்பதற்குக் குளிர்ப்பருவத்தைக் கடக்க வேண்டும். எனவே அவை இலையுதிர் காலத்தில் விதைக்கப்படுகின்றன. அல்லது ஈரமணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் 30 நாள்களுக்கேனும் வைக்கப்பட்டு, இளவேனிலில் விதைக்கப்படுகின்றன. விதையிலிருந்து வளரும் செடி பூப்பதற்கு 2 அல்லது 3 ஆண்டுகள் ஆகலாம்.

வேர் ஆழமாகச் செல்வதால், வளர்ந்த செடியை இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. காட்டிலிருந்து தோண்டியெடுப்பது அங்குள்ள செடியையும் அழித்து, தோட்டத்துக்கும் பயனின்றிப் போகும். மேலும், இளவேனிலில் இது மற்ற செடிகளுக்குப் பிந்தியே துளிர்க்கும். இறந்துவிட்டதாகக் கருதித் தோண்டிவிடாமலிருக்க, நட்ட இடத்தில் அடையாளக் குச்சி ஊன்றி வைப்பது நல்லது.

பாதுகாப்பு முக்கியத்துவம்

மோனார்க் புழுக்கள் இப்பேரினச் செடிகளையும் அவற்றின் நெருங்கிய உறவுச் செடிகளையுமே உண்டு வாழ்கின்றன. வயல்களில் களைக்கொல்லிப் பயன்பாடு மிகுந்ததால் இச்செடிகள் பெருமளவு குறைந்தன. வலசை செல்லும் மோனார்க் துணையினம் 2022 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டு, 2023 இல் அழிவாய்ப்பு இனமாக மாற்றப்பட்டது.

இப்பேரினத்தின் பிற செடிகளைவிட இதில் நச்சுப்பொருள் குறைவு. மோனார்க்குகள் இதில் முட்டையிடுவதும் குறைவே. ஆனால் இதன் தேனை வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் நாடி வருகின்றன. ஆகவே அப்பகுதிக்குரிய பிற எருக்கின உறவுச் செடிகளுடன் சேர்த்து இதனை நடுவதே மிகுந்த பயன் தரும். பூச்சிக்கொல்லி இட்டு வளர்க்கப்பட்ட நாற்றுகளை நட்டால், அவற்றை உண்ணும் புழுக்கள் இறக்க நேரிடும்.