'வில் ஹாவ் பீன்' எப்போ சொல்லணும்? பூந்தமல்லி மெட்ரோவை வெச்சே புரிஞ்சுக்கலாம்!

இங்கிலீஷ் கிராமர்ல பலரும் படிக்காமலே தாண்டிப்போற டென்ஸ், ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். பேருதான் நீளம், விஷயம் சுலபம்.

கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பைபாஸ் வழித்தடம் சுமார் 26 கி.மீ. நீளம் கொண்டது. இது இடம்பெறும் சென்னை மெட்ரோ 2-ம் கட்டத் திட்டத்துக்கு 2020 நவம்பர் 21-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. திட்டத்தின் வேலை தொடர்ந்து நடந்தால், 2027 நவம்பரில் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? ஏழு. இதை இங்கிலீஷில் சொல்வது இப்படி:

"பை நவம்பர் 2027, தே வில் ஹாவ் பீன் பில்டிங் இட் ஃபார் செவன் இயர்ஸ்."

ஃபார்முலா என்ன?

பை + எதிர்கால நேரம், வில் ஹாவ் பீன் + 'இங்' சேர்ந்த வினை + ஃபார் + கால அளவு. எதிர்காலத்தில் ஒரு தேதியில் நின்னு, 'அதுவரை எவ்வளவு காலமா நடக்குது' என்று திரும்பிப் பார்ப்பதுதான் இந்த டென்ஸ்.

தமிழில் எப்படி?

'இருந்திருப்பேன்' என்று வார்த்தைக்கு வார்த்தை மாத்தினால் குழப்பம்தான். அது தமிழில் நடந்து முடிந்ததைப் பற்றிய யூகம். நாம் இயல்பாகச் சொல்வது, "வர்ற ஜூன் வந்தா நான் இங்க வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆகும்" என்றுதான். இப்படி '...வந்தா ...ஆகும்' என்று வாயில் வந்தால், அங்கே 'வில் ஹாவ் பீன்' போடலாம்.

தப்பாச் சொன்னா என்ன ஆகும்?

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ என்று வையுங்கள். இப்போதைய வேலையைப் பற்றி, "ஐ வில் பீ வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால், 'இன்னும் மூணு வருஷம் அங்கேயே இருப்பேன்' என்று அர்த்தம். சொல்ல வந்த அனுபவம் காணாமல் போய், வேலை மாறும் எண்ணமே இல்லாதவர் மாதிரி ஆகிவிடும். "பை ஜூன், ஐ வில் ஹாவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் மூணு வருஷ அனுபவம் என்பது தெளிவு.

கவனிக்க வேண்டிய 3 விஷயங்கள்

1. வேலை முடிஞ்சிருக்கும் என்றால் 'பீன்' வேண்டாம். "தே வில் ஹாவ் பில்ட் இட்" போதும்.

2. நோ, ஓன் போன்ற வினைகளில் 'இங்' சேராது. "ஐ வில் ஹாவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி.

3. 'வென்' வரும் பகுதியில் 'வில்' வராது. "வென் த பஸ் கம்ஸ், ஐ வில் ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் ஆன் ஹவர்." அதாவது, பஸ் வரும்போது நான் காத்திருக்க ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இப்போ நீங்க சொல்லிப் பாருங்க: வர்ற டிசம்பர் வந்தா, இப்போ பார்க்கிற வேலையில் சேர்ந்து எத்தனை வருஷம் ஆகும்?