வெளுத்தாலும் உயிர் இருக்கிறது

மன்னார் வளைகுடாவில் வெளுத்துக் கிடக்கும் பவளப்பாறையின் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர், அது செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். சாகவில்லை. பட்டினி கிடக்கிறது.

பவளம் பெற்ற வரமே அதன் உடம்புக்குள் வாழும் நுண்பாசிதான். வாடகைக்குப் பதிலாக மூன்று வேளையும் சமைத்துப் போடும் குடித்தனக்காரரைப் போன்றது அது. வெயிலை வாங்கிச் சர்க்கரை ஆக்கி, பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடும். பவளத்தின் தேவையில் 90 சதவீதம் வரைகூட இப்படிக் கிடைப்பதுண்டு. பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் பாசியினுடையதே.

கடல்நீர் கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் இந்த உறவு முறிகிறது. சூட்டில் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி நச்சுப் பொருள்கள் உண்டாக, பவளம் பாசியை வெளியேற்றுகிறது. எஞ்சுவது கண்ணாடி போன்ற தசை. அதனூடே சுண்ணாம்பு எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அப்போதும் இரவில் விளக்கடித்துப் பார்த்தால், பவளம் மயிரிழை போன்ற உணர்கொம்புகளை நீட்டி இரை துழாவிக்கொண்டிருக்கும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். குளிராவிட்டால் தசை அழுகி, எலும்புக்கூட்டின் மேல் அழுக்குப் பச்சையாக வேறு பாசி படரும். சாவின் அடையாளம் அந்தப் பச்சைதான்.

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு சில மாதங்களில் 23 சதவீதத்துக்கு இறங்கியது. கிளைவிடும் மான்கொம்புப் பவளங்களுக்கே அடி பலம். ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவே வளரும் உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

அதற்கு முன்பே மனிதக் கை பட்டுப் புண்ணான கடல் இது. முருகைக்கல் எனப்படும் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாக ஏற்றிய காலம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1986-ல் தேசியப் பூங்கா ஆன பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகே கல் வெட்டு ஓய்ந்தது. பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் அதற்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்த பவளப்பாறையை வெட்டியெடுத்தால் மணல்தீவு எப்படி நிற்கும்? வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வையாய்ப் படர்ந்தது இன்னொரு கொடுமை.

அந்தத் தீவுகளில் ஒன்றான, சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவின் முன்னால் 2015-க்குப் பிறகு கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். கரை மீண்டும் மணல் சேர்க்கத் தொடங்கியது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் உடைந்த பவளத்துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டு வளர்க்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் உலகக் கடலின் சூட்டை ஒரு மாவட்டம் தணிக்க முடியாது. அது செய்யக்கூடியது வேறு: சித்திரை, வைகாசியில் பவளம் வெளுத்திருக்கும் வாரங்களிலாவது அங்கே நங்கூரம் போடாமல், அறுந்த வலைகளை அகற்றி, கழிவுநீரைக் கடலில் திறந்துவிடாமல் இருப்பது.