'மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்றது?' - மை லாய் படுகொலை இன்றும் எழுப்பும் கேள்வி

1968 மார்ச் 16, காலை ஏழரை மணி. தெற்கு வியட்நாமின் சோன் மை கிராமத்தில் பல வீடுகளில் காலைச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர்களில் வந்து இறங்கினார்கள் அமெரிக்க ராணுவத்தின் 'சார்லி கம்பெனி' வீரர்கள், சுமார் 100 பேர். எதிரிகளான வியட்காங் படையினர் அங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த தகவல்.

அங்கே இருந்ததோ முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான். வீரர்களை நோக்கி யாரும் சுடவில்லை. ஆனாலும் சில மணி நேரத்தில் ஊரே பிணக்காடானது. பாசன வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாகச் சுட்டுத் தள்ளப்பட்டனர். வியட்நாம் கணக்குப்படி பலியானவர்கள் 504 பேர். அமெரிக்க ராணுவ விசாரணை சொன்ன எண்ணிக்கை 347.

அமெரிக்கத் தரப்பில் காயம்? ஒரே ஒருவர். அவரும் தன் துப்பாக்கியாலேயே காலில் சுட்டுக்கொண்டவர்.

உலகம் இதை 'மை லாய் படுகொலை' என்று அழைக்கிறது. மை லாய் என்பது சோன் மையின் ஒரு குக்கிராமம்.

ஒரே வயது, ஒரே சீருடை

அன்று அந்த வாய்க்கால் கரையில் இரண்டு இளைஞர்கள் நேருக்கு நேர் நின்றார்கள். இருவருக்குமே வயது 24.

ஒருவர், லெப்டினன்ட் வில்லியம் கேலி. கிராம மக்களைச் சுடச் சொன்னவர், தானும் சுட்டவர். இன்னொருவர் ஹியூ தாம்சன், ஹெலிகாப்டர் பைலட். மேலிருந்து பார்த்தபோது கீழே நடப்பது சண்டை அல்ல என்று அவருக்குப் புரிந்தது. இறங்கிவந்து, 'என்ன நடக்குது இங்கே?' என்று கேட்டார். உத்தரவைத்தான் நிறைவேற்றுகிறோம், உன் வேலையைப் பார் என்கிற பாணியில்தான் கேலியிடமிருந்து பதில் வந்தது. பதவியில் கேலி பெரியவர், தாம்சன் சிறியவர்.

தாம்சன் கிளம்பினார். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. பதுங்குகுழி ஒன்றில் சிலர் ஒளிந்திருப்பதையும், அவர்களை நோக்கி வீரர்கள் போவதையும் பார்த்தார். இரு தரப்புக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். மக்களை நோக்கி நம் ஆட்கள் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் குழுவிடம் சொல்லிவிட்டு, குழியிலிருந்தவர்களைத் தானே வெளியே அழைத்து வந்தார். சுமார் 10 பேர் வேறு ஹெலிகாப்டர்களில் பாதுகாப்பாக அனுப்பப்பட்டனர்.

அவரது குழுவில் இருந்தது இரண்டே பேர். லாரன்ஸ் கோல்பர்னுக்கு 18 வயது. கிளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு 20. பிணங்களுக்கு நடுவே ஏதோ அசைவதைப் பார்த்த ஆண்ட்ரியோட்டா, வாய்க்காலில் இறங்கி ஒரு குழந்தையை உயிரோடு தூக்கி வந்தார். முகாமுக்குத் திரும்பிய தாம்சன் கொதித்துப்போய் அதிகாரிகளிடம் புகார் செய்தார். அதன் பிறகே சுடுவதை நிறுத்தும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவு போனது.

சுட்டவர்கள் அரக்கர்களா?

'மனுஷங்களா இவங்க?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். பதில் கொஞ்சம் சங்கடமானது. அவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுள்ள சாதாரணப் பையன்கள். வியட்நாம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எதிரியை நேரில் பார்க்காமலே, கண்ணிவெடிகளில் நண்பர்களைப் பறிகொடுத்திருந்தார்கள். பயம், ஆத்திரம், பழிவாங்கும் வெறி எல்லாம் சேர்ந்திருந்தது. ஊருக்குள் இருப்பவர்கள் எல்லோருமே எதிரிகள் என்ற எண்ணமும் ஊட்டப்பட்டிருந்தது.

சரி, சூழல்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. அதே கம்பெனியில், அதே பயத்தோடும் ஆத்திரத்தோடும் இருந்த சில வீரர்கள் சுட மறுத்தார்கள். நேரடியாகக் கட்டளை வந்தும் துப்பாக்கியைத் தூக்காதவர்கள் அவர்கள். அதற்காக அவர்களை யாரும் சுட்டுக் கொன்றுவிடவில்லை.

அதாவது, பலர் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதைச் சூழல் விளக்கும். ஆனால் அதே சூழலில் சிலர் 'முடியாது' என்றார்களே, அதை அது விளக்காது. தனிமனிதப் பொறுப்பு என்று நாம் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜி தலைவர்களை விசாரித்த நியூரெம்பெர்க் தீர்ப்பாயத்தில் அதிகம் கேட்ட வாதம், 'உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன்' என்பது. அதன் அடிப்படையில் 1950-ல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த கோட்பாடுகளில் நான்காவது இதற்குப் பதில் சொல்கிறது. மேலிட உத்தரவு என்பதாலேயே ஒருவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனால், வேறு முடிவெடுக்க அவருக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். மை லாயில் அந்த வாய்ப்பு இருந்தது என்பதற்குச் சுட மறுத்தவர்களே சாட்சி.

ஒருவர் மறுத்தால் என்ன ஆகும்?

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். எதிர் அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் பட்டனை அழுத்தி ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வோல்ட்டேஜ் ஏறும். ஷாக் பொய், அலறுபவர் நடிகர் என்பது பட்டனை அழுத்துபவருக்குத் தெரியாது. பிரபலமான ஒரு சுற்றில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்.

பலரும் கேள்விப்பட்டது இதுவரைதான். இன்னொரு சுற்றில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் (இவர்களும் நடிகர்கள்) பாதியில் 'இதுக்கு மேல முடியாது' என்று எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40 பேரில் வெறும் 4 பேர்!

இந்தச் சோதனையின் முறை குறித்து விமர்சனங்கள் உண்டு. ஷாக் உண்மை என்று எத்தனை பேர் நம்பினார்கள் என்ற சந்தேகமும் உண்டு. ஆனாலும் அந்த வித்தியாசம் யோசிக்க வைக்கிறது. 'நான் ஒருத்தன் மறுத்து என்ன ஆகப் போகுது?' என்று கேட்கும்போது, பக்கத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

கடைசியில் தண்டனை யாருக்கு?

128 எதிரிகளைக் கொன்ற வெற்றி என்றுதான் ராணுவம் முதலில் அறிவித்தது. நண்பர்கள் மூலம் விஷயத்தைக் கேள்விப்பட்ட ரான் ரைடனவர் என்ற முன்னாள் வீரர், 1969 மார்ச்சில் அமெரிக்க எம்.பி.க்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதினார். அந்த நவம்பரில் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் செய்தியை வெளியிட, உலகமே அதிர்ந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 20-க்கும் மேல். தண்டனை பெற்றவர் கேலி மட்டுமே. 22 பேரைக் கொன்றதற்காக 1971-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே அதிபர் நிக்சன் தலையிட, சிறை வீட்டுக்காவலாக மாறியது. சுமார் மூன்றரை ஆண்டுகளில் அதுவும் முடிந்தது. கேலியின் மேலதிகாரியான கேப்டன் எர்னஸ்ட் மெடினா விடுதலையானார்.

இங்கே இரண்டு வகைத் தப்பித்தல் நடந்தது. 'எல்லாம் கேலியோட வேலை' என்று சொன்னபோது மேலதிகாரிகள் தப்பினார்கள். 'போர்னா அப்படித்தான்' என்று சொன்னபோது சுட்டவர்கள் தப்பினார்கள். 504 பேரைக் கொன்றது ஒரு ஆள் அல்ல, 'போர்' என்ற பெயருள்ள யாரோவும் அல்ல. உத்தரவிட்டவர், சுட்டவர், பார்த்தும் பேசாதவர், பிறகு மூடி மறைத்தவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. இன்னொருவர் பெயரைச் சேர்ப்பதால் யாருடைய கணக்கும் குறைந்துவிடாது.

தாம்சனுக்கு என்ன கிடைத்தது? பல ஆண்டுகள் துரோகி பட்டமும் கொலை மிரட்டலும். 1998-ல்தான் மூவருக்கும் 'சோல்ஜர்ஸ் மெடல்' வழங்கப்பட்டது. அதைப் பெற ஆண்ட்ரியோட்டா உயிரோடு இல்லை. மை லாய் நடந்த அடுத்த மாதமே போரில் இறந்திருந்தார்.

அந்தப் பெண்ணின் கேள்வி

அதே 1998-ல் தாம்சனும் கோல்பர்னும் மீண்டும் சோன் மை போனார்கள். அன்று உயிர் பிழைத்த ஒரு பெண், 'சுட்டவங்க ஏன் உங்களோட வரலை?' என்று கேட்டார். தாம்சன் நொறுங்கிப்போனார். அந்தப் பெண் தொடர்ந்து சொன்னது: வந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்போமே.

2009-ல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு கிளப் கூட்டத்தில் கேலி முதல்முறையாகப் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன் என்பதுதான் அப்போதும் அவரது பதில். 2024-ல் அவர் இறந்தார். மன்னிக்கத் தயாராக இருந்த அந்தப் பெண்ணின் ஊர், அந்தக் கூட்டம் நடந்த இடத்திலிருந்து பாதி உலகம் தள்ளி இருக்கிறது.