சொன்னால் போதாது, எழுத்திலும் இருக்கட்டும்: வேலையிடத்தில் பேசத் தெரிவதன் பயன்

கோலாலம்பூர் - காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இறங்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், சக ஊழியரிடம் மலாய், மேலாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் ஆங்கிலம், வாட்ஸ்அப் குழுவில் மூன்றும் கலந்த மொழி. இத்தனை மொழிகள் கைவசம் இருந்தும், "கூடுதல் நேரச் சம்பளம் இந்த மாதம் குறைந்திருக்கிறதே" என்று கேட்க மட்டும் அவருக்கு வாய் வருவதில்லை.

தொடர்புத் திறன் என்றால் சரளமான ஆங்கிலம் என்றே பலர் நினைக்கின்றனர். மொழி வளம் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், சிக்கல் வரும்போது ஓர் ஊழியரைக் காப்பது வேறொரு பழக்கம். சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில், உரியவரிடம், தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத்திலும் பதிந்து வைக்க வேண்டும்.

பேசுவதற்கே போராடிய கிள்ளான்

வேலையிடத்தில் வாய் திறப்பது நம் சமூகத்திற்கு எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர்.

சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. அதனுடன் வேறு சில கோரிக்கைகளும் இருந்தன. தமிழ் கற்ற பணியாளர்களைத் தோட்டங்களில் நியமிக்க வேண்டும், பேச்சுரிமை வேண்டும், குறைகளை எடுத்துச் சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்று கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். கொதித்தெழுந்த தொழிலாளர்களை அடக்க இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அன்று குறையைச் சொன்னதற்கே விலை கொடுக்க வேண்டியிருந்தது. இன்று குறையைச் சொல்ல சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால், அந்த இடத்தைப் பயன்படுத்தும் முறை பலருக்குத் தெரிவதில்லை.

மரியாதை வேறு, மௌனம் வேறு

பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், அலுவலகத்திலும் மேலதிகாரியை அதே கண்ணோடு பார்க்கின்றனர். தமிழரான மேற்பார்வையாளர் என்றால் "அண்ணே" என்று அழைத்துவிட்டு, அண்ணனிடம் கணக்குக் கேட்பதா என்று தயங்குவதும் உண்டு. பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் குரல் உயர்ந்துவிடும். அப்போது சம்பளப் பாக்கி மறைந்து, ஊழியரின் நடத்தையே பேச்சாகிவிடும்.

மரியாதையாகவும் கேட்கலாம், தெளிவாகவும் கேட்கலாம். அதற்கு நான்கு விவரங்கள் போதும்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன தேவை, எப்போதுக்குள் தேவை.

"சம்பளம் சரியாக வரவில்லை, எப்போதும் இப்படித்தான்" என்ற செய்திக்குப் பதில் எழுதுவது கடினம். அதையே இப்படி எழுதலாம்: "வணக்கம். இம்மாதம் 12, 14, 19 ஆகிய தேதிகளில் மொத்தம் 9 மணி நேரம் கூடுதல் வேலை செய்தேன். சம்பளச் சீட்டில் 5 மணி நேரம் மட்டுமே உள்ளது. வருகைப் பதிவை இணைத்துள்ளேன். விடுபட்ட 4 மணி நேரத்தைச் சேர்க்க இயலுமா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இதில் குற்றச்சாட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. படிப்பவர் சரிபார்த்துப் பதில் சொல்லத் தேவையான அனைத்தும் இருக்கிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் இதே அமைப்புதான். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் தேதியும் எண்ணும் சரியாக இருந்தால் செய்தி போய்ச் சேரும்.

'போலே' என்றால் எதற்கு?

"இன்றைக்கு முடியுமா?" என்று கேட்டால் "போலே, போலே" என்ற பதில் வரும். முடியும் என்பது அதன் பொருள். இன்றே முடியுமா, முயன்று பார்க்கலாம் என்பதா, எதிரே நிற்பவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகச் சொன்னதா என்பது அந்தச் சொல்லில் இல்லை.

பல மொழியினர் சேர்ந்து உழைக்கும் கிடங்கிலும் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. இதற்கு எளிய வழி, கேட்ட கட்டளையைத் திருப்பிச் சொல்வது. "மூன்றாம் எண் கதவில் உள்ள 40 பெட்டிகளை 4 மணிக்குள் ஏற்ற வேண்டும், சரிதானே?" என்று கேட்க பத்து விநாடி போதும். மேற்பார்வையாளரும் "புரிந்ததா?" என்று கேட்பதைவிட "என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்கு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

எழுத்துக்குச் சட்டம் தரும் மதிப்பு

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்தன. வாராந்திர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்குச் சாதாரண வேலை நாளின் கூடுதல் நேரத்திற்கு, மணிக்கணக்குச் சம்பளத்தில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும்.

நெகிழ்வான வேலை நேரமோ வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்போ வேண்டுமானால் ஊழியர் எழுத்து வழி விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து வழி பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் வாய்மொழியாகக் கேட்ட கோரிக்கைக்கு இந்தக் கெடு பொருந்தாது.

பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க முதலாளி மறுத்தால், புகார் கிடைத்த 30 நாள்களுக்குள் காரணத்தை எழுத்து வழி தெரிவிக்க வேண்டும். புகார் எப்போது கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று இருந்தால்தான் அந்த 30 நாளை எண்ண முடியும்.

காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதுபவர், மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரி 60 நாள்களுக்குள் தொழில் உறவுத் துறையிடம் மனு செய்ய வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம். "பாஸ் கூப்பிடுவார்" என்று காத்திருந்து அந்த நாள்களைக் கடத்திவிட்டால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

பாதுகாப்பு விவகாரத்தில் பேச்சுக்கு இன்னும் நேரடியான பயன் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தன. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் உள்ள ஊழியர் அதை முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கை இல்லாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலக அவருக்கு உரிமை உண்டு.

இன்றே தொடங்கலாம்

வாய்மொழியாக ஏதேனும் முடிவானால், அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம்: "இன்று பேசியபடி, வரும் திங்கள் முதல் காலை நேர வேலைக்கு மாறுகிறேன். நன்றி." ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம் ஆகியவற்றின் நகலைச் சொந்தக் கைப்பேசியிலும் வைத்திருக்க வேண்டும். கோபத்தில் தட்டிய செய்தியை மட்டும் மறுநாள் காலை வரை அனுப்பாமல் வைப்பது நலம். அதுவும் எழுத்துச் சான்றுதான்.

நிர்வாகத்திடம் முறையாகக் கேட்டும் பதில் வராவிட்டால் தொழிற்சங்கத்தையோ ஆள்பல இலாகாவையோ நாடலாம். அங்கே முகப்பில் இருப்பவர் முதலில் கேட்பது, "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும்.