கடல் கலங்கலை எதிரொலியால் அளப்பது

கரையோரக் கடலில் மணலும் சேறும் அடியிலேயே கிடப்பதில்லை. அலை கிளப்பிவிட, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படி மிதந்து போகும் வண்டல் எவ்வளவு என்று தெரிந்தால்தான் துறைமுக வாய்க்கால் எவ்வளவு விரைவில் தூர்ந்துபோகும், எந்தக் கரை அரிக்கும் என்பதைக் கணிக்க முடியும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் வடக்கு நோக்கிய மணல் ஓட்டம் மறிக்கப்பட்டதால்தான்.

பாட்டிலில் நீரை முகந்து, 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வடிகட்டி, உப்புப் போக நன்னீரால் அலசி, உலர்த்தி நிறுப்பது பழைய முறை. நம்பகமானதுதான். ஆனால் ஒரேயொரு அலை கடந்து போகும் சில நொடிகளுக்குள்ளேயே அடிமட்டத்து வண்டல் பல மடங்கு ஏறி இறங்கிவிடும். அந்த வேகத்துக்குப் பாட்டில் ஈடுகொடுக்காது.

ஒலிக்கருவி ஈடுகொடுக்கும். கடல்தரையில் ஊன்றிய சட்டத்திலிருந்து அது கீழ்நோக்கி நொடிக்குப் பல முறை மீயொலித் துடிப்புகளை விடுகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஆகவே 1 மீட்டர் தொலைவிலுள்ள துகள்களின் எதிரொலி 1.3 மில்லிநொடியில் திரும்பிவிடும். வந்து சேரும் நேரம் தொலைவைச் சொல்லும், வலிமை வண்டலைச் சொல்லும். இப்படித் தரைக்கு மேலுள்ள 1 மீட்டர் நீரைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் படிக்கலாம். கடைசியில் தரையே பலமாக எதிரொலிப்பதால், மணல் படிவதும் பறிபோவதும் கூடவே பதிவாகும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கருவி அளப்பது எதிரொலியை. வேண்டியது லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. துகளின் பருமன் மாறாவிட்டால், வண்டல் இரட்டிப்பாகும்போது எதிரொலி 3 டெசிபெல் கூடும். பருமன் மாறினாலோ கணக்கே புரண்டுவிடும். 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.5 மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறிய மணல்துகளின் விட்டம் இரட்டித்தால், அதன் எதிரொலித் திறன் 64 மடங்காகும். அதே எடை மணலில் துகள்களின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைவதால், நிகர உயர்வு 8 மடங்கு. மணல் சற்றுப் பருத்ததா, அளவே கூடியதா என்பதை ஒற்றை அதிர்வெண்ணால் பிரித்தறிய முடியாது.

அதனால்தான் 1 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களை ஒன்றாகப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் துகளின் பருமனுக்கு ஒவ்வொரு விதமாக எதிரொலிப்பதால், பருமன், அளவு இரண்டையும் கணித்தெடுக்கலாம். அப்போதும் ஒரு தொல்லை உண்டு. அருகிலுள்ள வண்டல் ஒலியை விழுங்கிவிடுவதால், அதற்கான திருத்தத்தில் நேரும் சிறு பிழையும் கீழே போகப்போகப் பெருகும். ஆகவே அளவீட்டைச் சரிபார்க்கப் பழைய பாட்டிலும் வடிதாளும் இன்றும் வேண்டியிருக்கின்றன.

நீரோட்டத்தை அளக்கவென்று செய்த டாப்ளர் கருவிகளின் எதிரொலியையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வேகமும் வண்டலும் ஒரே கருவியில் கிடைப்பது பெரிய வசதி. எனினும் பெரும்பாலானவை ஒரே அதிர்வெண்ணில் இயங்குபவை என்பதால், முன்சொன்ன குழப்பம் இங்கே கூடுதல். கடலில் மிதக்கும் சிற்றுயிர்களும் வண்டலைப் போலவே எதிரொலிக்கும்.

மென்சேற்றை அளக்க, கலங்கலை ஒளியால் அறியும் ஒளியுணரிகளே மேல், மணலுக்கு ஒலி. ஒளியுணரியில் பாசி படிந்தால் அளவு கெடும், ஒலிக்கருவி ஓரளவு தாங்கும். அலை உடையும் இடத்தில்தான் மணல் அதிகம் புரளும். ஆனால் அங்கே நுரைக்குமிழிகள் ஒலியை மறைத்துவிடுவதால், இக்கருவிகள் பெரும்பாலும் அலை உடையும் எல்லைக்கு வெளியேதான் நிறுத்தப்படுகின்றன.