கூப்பிட்டுக் காட்டும் சின்ன நாய்

அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது. வாசலில் காலிங்பெல் ஒலிக்கிறது. காது கேளாத ஒருவர் வீட்டில் தனியாக இருந்தால், இதையெல்லாம் அவருக்கு யார் சொல்வது?

அதற்கென்றே பழக்கிய நாய்கள் உண்டு நேயர்களே. பிரிட்டனில் 1982 முதல் ஒரு தொண்டு நிறுவனம் இவற்றைப் பழக்கி வருகிறது. பெல் அடித்ததும் அந்த நாய் குரைக்காது. அவரிடம் ஓடிப்போய் மூக்காலோ முன்னங்காலாலோ தொடும். ‘என்ன?’ என்று அவர் சைகையில் கேட்டால், சத்தம் வந்த இடத்துக்கே கூட்டிப்போகும். தீ அபாய மணி என்றால் மட்டும் கூட்டிப்போகாமல், அங்கேயே தரையில் படுத்துவிடும். ஆபத்து என்று அவருக்குப் புரிந்துவிடும்.

பார்வையற்றவருக்கு வழிகாட்ட லாப்ரடார் போல உயரமான நாய் வேண்டும். காதுக்குத் துணையாக இருக்க சின்னப் பூடில், கலப்பின டெரியர் போதும். தீனிச் செலவும் குறைவு.

நம் நாட்டில் இப்படிப் பழக்கிய நாய்கள் மிக அரிது. அந்தக் குறை தீரவேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் எத்தனையோ வீடுகளில் பொமரேனியன் வளர்கிறது; சுறுசுறுப்பும் கூர்மையான காதும் அதற்கு உண்டு. குணம் பார்த்து, குட்டியிலிருந்தே முறையாகப் பழக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. நாய் உடல்நலம் பற்றிய சந்தேகங்களுக்கு, 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

உதவி நாய் ஒன்று வேலையில் இருக்கும்போது அதைக் கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள்.