வண்டி கொடுத்தாயிற்று, ஓடுகிறதா?

சென்ற பொங்கல் விழாவுக்கு வந்தவர்கள் கவனித்திருக்கலாம். தையல் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் மூன்று சக்கர பாட்டரி வண்டியில் வந்தார். பின்னால் அவருடைய பையன் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன ஸார், வண்டி ஓடலையா?" என்றேன்.

"பாட்டரி போய் எட்டு மாசம் ஆச்சு ஸார். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

அதன்பின் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவை நம் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

அந்த வண்டி 1981-இல் தொடங்கிய மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய வண்டிக்கு மானியம் 25,000 ரூபாய் வரை. மீதித் தொகையை எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதியிலிருந்தோ கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ பெறலாம்.

அரசு வண்டியை நேரே கொடுப்பதில்லை. அரசு நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பணம் தருகிறது. அவர்கள் முகாம் நடத்திக் கொடுக்கிறார்கள். செலவுக்குச் சான்றிதழ், பயனாளிகளின் பட்டியல், சிலரை நேரில் பார்த்துச் சோதித்தல் என்று மேற்பார்வை உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலும் தெரிவது வண்டி போய்ச் சேர்ந்ததா என்பதுதான். இன்றும் ஓடுகிறதா என்பதை வண்டி வைத்திருப்பவர் சொன்னால்தான் தெரியும். கொடுத்த பிறகும் கவனிக்க ஏற்பாடு செய்வது அந்த நிறுவனத்தின் பொறுப்பு என்று திட்ட விதியே சொல்கிறது.

நண்பரிடம் முகாம் ரசீது பத்திரமாக இருந்தது. அதன் எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினோம். நகலை மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்பினோம். 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டப்படி, புகாரை விசாரிக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஐந்தாவது வாரம் மெக்கானிக் வந்தார். இப்போது பையன் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறான்.

பதில் வராவிட்டால், மத்திய அரசு அலுவலகத்திடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். ஊரில் வாங்கிய ஊனச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2016 சட்டத்தின் 58-ஆவது பிரிவின்படி அது நாடு முழுவதும் செல்லும். ஆனால் தமிழக அரசு தன் நிதியில் தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் அங்கே வசிப்பவர்களுக்குத்தான்.

ஆகவே ரசீதையும் சான்றிதழ் நகலையும் பத்திரப்படுத்துங்கள். வண்டி நின்ற அன்றே எழுதுங்கள். ஹிந்தியில் எழுதக் கை வராதவர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.